லெந்து, தபசு காலம், ஐம்பது நோன்பு: நாற்பது நாள் என்பது எந்தக் கணக்கு?

2026-ஆம் ஆண்டு நாட்காட்டியில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு எப்போது தொடங்குகிறது என்று தேடுபவருக்கு நான்கு தேதிகள் கிடைக்கும். சிரிய மரபுக் கத்தோலிக்கரின் தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டத்திலும் மார்த்தாண்டம் சீரோ மலங்கரை மறைமாவட்டத்திலும் பிப்ரவரி 16, திங்கள். தமிழ்நாட்டின் லத்தீன் (ரோமை) வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்களுக்கும், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளுக்கும் பிப்ரவரி 18, புதன். இத்தாலியின் மிலான் நகரில் பிப்ரவரி 22, ஞாயிறு. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு பிப்ரவரி 23, திங்கள்.

எல்லோரும் அதை "நாற்பது நாள்" என்கிறார்கள்; கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மட்டும் "ஐம்பது நோன்பு" என்கிறார்கள். விரல்விட்டு எண்ணினாலோ புதன்கிழமையிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை 46 நாள் வருகிறது. அப்படியானால் யார் கணக்கு சரி? விடை அந்தச் சொல்லின் வரலாற்றில் இருக்கிறது. நாற்பது முதலில் ஒரு பெயராகத்தான் வழக்கில் வந்தது. நாட்களை எண்ணி அந்தப் பெயருக்குள் பொருத்தும் வேலையை ஒவ்வொரு திருச்சபையும் பின்னால் தன் வழியில் செய்துகொண்டது.

தமிழில் வழங்கும் பெயர்கள்

1. தவக்காலம்: தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இன்று வழங்கும் சொல்.

2. தபசு காலம்: இதன் பழைய வடிவம். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் இன்றும் இருக்கிறது. தபசு, தவம் இரண்டும் ஒன்றே. உடலை ஒடுக்கி மனத்தைத் திருப்புதல் என்ற பொருள் இரண்டிலும் உண்டு.

3. லெந்து நாட்கள்: சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்த சபைகளில் பெருவழக்கு. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது.

4. பெரிய நோன்பு, ஐம்பது நோன்பு: சிரிய மரபினருடையது. சிரிய மொழியில் ஸவ்மா ரப்பா, அதாவது பெரிய நோன்பு. அரபியில் நோன்பைக் குறிக்கும் ஸவ்ம் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

முதல் நாளுக்கும் ஒரே பெயர் இல்லை. கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்பார்கள். முன்பு விபூதிப் புதன் என்றார்கள். சீர்திருத்த சபையார் சாம்பல் புதன் என்பார்கள். திங்களில் தொடங்கும் சீரோ மலபார் சபையில் சாம்பல் பூசுவதும் அன்றே என்பதால் அவர்களுக்கு அது விபூதித் திங்கள்.

லெந்து என்றால் வசந்தம்

லெந்து என்ற சொல்லுக்கு நோன்பு என்றோ நாற்பது என்றோ பொருளே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் லென்க்டென் என்றால் வசந்தகாலம். நீளம் என்று பொருள்படும் ஜெர்மானிய வேரிலிருந்து அது பிறந்தது: குளிர்காலம் முடிந்து பகல் நீளத் தொடங்கும் பருவம். டச்சு மொழியின் லென்ட்டெ, ஜெர்மனின் லென்ட்ஸ் ஆகியவை இன்றும் வசந்தத்தை மட்டுமே குறிக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும், நோன்பு எப்போதும் அந்தப் பருவத்தில் வந்ததால், பருவத்தின் பெயர் நோன்பின் மேல் ஏறிக்கொண்டது. ஆங்கிலேயத் திருச்சபை வழியாக அது தமிழுக்கும் வந்தது. நமக்கு அது பெரும்பாலும் மாசி, பங்குனி வெயிலில் வருகிற நோன்பு. பகல் நீள்வதைக் கொண்டாடும் வட ஐரோப்பியச் சொல்லை வெயில் ஏறும் நாட்களுக்கு நாம் வைத்திருக்கிறோம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் லெந்து என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்து ஆன்மிக விளக்கம் தேடுபவர்களுக்கு அதில் எதுவும் கிடைக்காது.

ஐரோப்பாவின் பிற மொழிகள் பல வேறு வழியில் போயின. லத்தீனில் குவாத்ராஜேசிமா என்றால் நாற்பதாவது. அது இத்தாலியனில் குவாரேசிமா, ஸ்பானியத்திலும் போர்ச்சுக்கீசியத்திலும் குவாரெஸ்மா, பிரெஞ்சில் கரேம் என்று திரிந்தது. லத்தீனுக்கும் முன்னால் கிரேக்கத்தில் தெஸ்ஸரகோஸ்தே. அதற்கும் நாற்பதாவது என்பதே பொருள். கேள்விக்குரிய எண் இந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

நாற்பது எப்படி வந்தது

விவிலியத்தில் தவக்காலம் என்ற ஒழுங்கு எங்கும் இல்லை. நாற்பது என்ற எண் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சீனாய் மலையில் மோசே 40 நாள் உண்ணாமல் இருந்தார். எலியா 40 நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். நினிவே நகருக்குக் கொடுக்கப்பட்ட தவணை 40 நாள். இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்தார். சோதனையும் தயாரிப்பும் நடக்கும் காலத்துக்கு அந்த எண் அடையாளம்.

ஆனால் தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் இத்தனை நாள் நோன்பிருக்கவில்லை. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரேனேயு ரோம் ஆயர் விக்டருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் யூசேபியு காத்து வைத்திருக்கிறார். சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல் நோன்பிருக்கிறார்கள். சிலர் இரவும் பகலுமாக 40 மணி நேரத்தை ஒரே நாளாகக் கொள்கிறார்கள் என்கிறது அது. வெள்ளி பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிவரை எண்ணிப் பாருங்கள்: சரியாக 40 மணி. நாட்களுக்கு முன்பே மணிகளில் அந்த எண் தலைகாட்டிவிட்டது.

கி.பி. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 5-ஆம் சட்டம், ஆயர்கள் ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும், ஒன்று "நாற்பதுக்கு முன்" என்கிறது. தெஸ்ஸரகோஸ்தே என்ற அந்தச் சொல்லுக்குச் சட்டம் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. அதற்குள் அது காலத்தின் பெயராக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் சொல்வது இன்னும் முக்கியம். (தத்துவஞானி சோக்ரடீஸ் வேறு.) ரோமில் மூன்று வாரம், அலெக்சாந்திரியாவிலும் கிரீஸிலும் ஆறு வாரம், வேறு சில இடங்களில் ஏழு வாரத்துக்கு முன்பே தொடங்கி இடைவெளி விட்டு விட்டு நோன்பு என்று பட்டியலிடுகிறார். பிறகு, இப்படி நாட்களில் வேறுபட்டும் எல்லோரும் அதை நாற்பது என்றே அழைப்பது தனக்கு வியப்பாக இருக்கிறது என்கிறார். இன்றைய குழப்பத்தை அவர் 5-ஆம் நூற்றாண்டிலேயே கேள்வியாகக் கேட்டுவிட்டார்.

நான்கு வழிக் கணக்கு

பெயர் நிலைத்தபின் நாட்களை அதற்குப் பொருத்த வேண்டியிருந்தது. வேறுபாடு முழுவதும் இரண்டு முடிவுகளில் அடங்கும்: வாரத்தில் எந்த நாளை நோன்புக்குக் கணக்கிடுவது? ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தைச் சேர்ப்பதா, தனியே வைப்பதா?

1. பழைய ரோமைக் கணக்கு. தவக்காலத்தின் முதல் ஞாயிறிலிருந்து பெரிய வியாழன்வரை ஞாயிறுகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாக எண்ணினால் 40. 2026-இல் பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் 2 வரை. வெளிப்படையாகப் பாவத்தீர்வைச் செய்தவர்களை மீண்டும் சபையில் சேர்த்த நாள் பெரிய வியாழன் என்பதால் கணக்கு அங்கே முடிந்தது. மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறை இன்றும் ஞாயிறில்தான் தொடங்குகிறது. அங்கே திருநீற்றுப் புதன் இல்லை, நோன்புக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டம் சனிக்கிழமைவரை நீள்கிறது.

2. பிற்கால மேற்கத்தியக் கணக்கு. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கூடாது என்பது தொன்மையான விதி. ஆறு வாரத்தில் ஞாயிறுகளைக் கழித்தால் 6 × 6 = 36 நாள்தான் மிஞ்சும். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரெகரிக்கு அந்த 36 உறுத்தவில்லை. ஆண்டின் 365 நாளில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுக்கிறோம் என்று அதற்குப் பொருள் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு நாற்பது முழுதாக வேண்டியிருந்தது. முதல் ஞாயிற்றுக்கு முந்தைய புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாட்களைச் சேர்த்தார்கள். 36 + 4 = 40. தவக்காலம் புதன்கிழமை தொடங்குவதன் காரணம் இந்தக் கூட்டல்தான். புதனுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை. 46 நாள் என்பதும் இங்கே விளங்கிவிடும்: 40 நோன்பு நாளும் 6 ஞாயிறும்.

3. பைசாந்தியக் கணக்கு. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் திங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்து வெள்ளிவரை ஞாயிறையும் சேர்த்து எண்ணுகின்றன: 5 × 7 + 5 = 40. 2026-இல் பிப்ரவரி 23 முதல் ஏப்ரல் 3 வரை. அடுத்து வரும் இலாசரின் சனியும் குருத்து ஞாயிறும் தனி. அதன்பின் வரும் பெரிய வாரம் தனி நோன்பு. அவர்கள் ஈஸ்டரைப் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி கணிப்பதால் அந்த ஆண்டு ஏப்ரல் 12-இல் கொண்டாடுகிறார்கள்.

4. சிரியக் கணக்கு. நோன்புக்கு முந்தைய ஞாயிறு பேத்துர்த்தா. திரும்பிப் பார்த்தல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அன்று அசைவம் முடிந்து, மறுநாள் திங்கள் நோன்பு. பேத்துர்த்தா ஞாயிறிலிருந்து ஈஸ்டர் ஞாயிறுவரை இரண்டையும் சேர்த்து எண்ணினால் 50; 2026-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 5 வரை. ஐம்பது நோன்பு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. மலங்கரை சபைகளில் முதல் திங்களன்று சுப்கோனோ என்னும் ஒப்புரவு வழிபாடு நடக்கும். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே நோன்புக்குள் போகிறார்கள். நோன்பின் நோக்கத்தை நேரடியாகக் காட்டும் தொடக்கம் இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1969-இல் சீரமைக்கப்பட்ட கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியில் தவக்காலம் திருநீற்றுப் புதன் தொடங்கி, பெரிய வியாழன் மாலை இராவுணவுத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெரிய வெள்ளியும் புனித சனியும் பாஸ்கா முப்பெரும் நாட்கள் என்னும் தனிக் காலத்தைச் சேர்ந்தவை. நோன்புக் கணக்கும் வழிபாட்டுக் காலக் கணக்கும் இப்படிப் பிரிந்து நிற்பதால், ஒரே பங்குக் கோயிலில் இரண்டு எண்ணைக் கேட்க நேரலாம்.

சாம்பல்: எப்படிச் செய்வது, எங்கே தவறும்

சாம்பலில் உட்கார்ந்து துக்கம் காப்பது விவிலியத்துப் பழைய வழக்கம். நினிவே அரசன் செய்தது அதுதான். திருச்சபையில் இது முதலில் வெளிப்படையான பாவத்தீர்வை செய்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 1091-இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் நடத்திய பெனவெந்தோ சங்கம் குருக்கள், பொதுநிலையினர் எல்லோரும் சாம்பல் பெற வேண்டும் என்றது.

முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்தே இந்தச் சாம்பல் எடுக்கப்படுகிறது. நம் ஊர்களில் அது தென்னை அல்லது பனைக் குருத்தோலை. வீடுகளில் சிலுவையாகப் பின்னிச் சுவரில் செருகி வைத்ததைத் தவக்காலத்துக்கு முன் கோயிலில் சேர்ப்பார்கள்.

1. ஓலை மொரமொரப்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் புகைந்து கருகுமே தவிர எரியாது.

2. முழுவதும் எரிந்தால் வெளிர் சாம்பல் கிடைக்கும். கரி மிஞ்சினால் கறுப்பாக இருக்கும். நெற்றியில் சிலுவை தெளிவாகத் தெரியக் கொஞ்சம் கரி கலந்திருப்பது நல்லது.

3. ஆறிய பிறகு நசுக்கி, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். ஓலை நரம்பு, ஈர்க்குத் துணுக்குகள் தங்கினால் தோலைக் கீறும்.

4. தண்ணீர் ஊற்றிக் குழைக்கக் கூடாது. தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. தாவரச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் உப்புகளும் சுண்ணாம்பும் நீரில் கரைந்து கடும் காரக் கரைசலாகும். நெற்றியில் எரிச்சலும் கொப்புளமும் வரலாம். மந்திரிக்கும்போது தெளிக்கும் சில துளி தீர்த்தத்தால் கெடுதலில்லை. ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் சில துளி தேங்காய் எண்ணெயோ ஒலிவ எண்ணெயோ போதும்.

பூசும்போது "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்ற தொடக்கநூல் வாக்கோ, "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்ற மாற்கு நற்செய்தி வாக்கோ சொல்லப்படும். நெற்றியில் சிலுவை போடுவது ஒரு வழக்கம்; இத்தாலி போன்ற நாடுகளில் உச்சந்தலையில் தூவுவார்கள். இரண்டும் ஒன்றே.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

பழைய தமிழ் ஞான உபதேசம் (மறைக்கல்வி நூல்) இரண்டு கடமைகளைத் தனித்தனிச் சொற்களால் பிரித்து வைத்திருக்கிறது. ஒருசந்தி என்பது நாளில் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்பது மாமிசம் தவிர்த்தல். இன்று இரண்டையும் நோன்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், எந்த நாளில் எது கடமை என்ற தெளிவு போய்விட்டது. இந்த இரு சொற்களையும் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவது பங்குகளுக்கு நன்மை செய்யும்.

லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு இப்போதுள்ள சட்டம்:

1. ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து கடமையான நாட்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி.

2. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும்வரை. ஒரு முழுச் சாப்பாடு. தேவைப்பட்டால் இரண்டு சிறு உணவு, இரண்டும் சேர்ந்தும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாக. தண்ணீர் அருந்துவதால் ஒருசந்தி முறியாது.

3. சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும். மேல்வயது வரம்பு இல்லை. தவக்காலத்தில் மட்டுமின்றி ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைக்கும் இது பொது விதி. வேறு செபமோ தருமமோ கொண்டு ஈடுகட்ட அந்தந்த நாட்டு ஆயர் பேரவை அனுமதிக்கலாம்.

4. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரை இது கட்டுப்படுத்தாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வேளை தவறிச் சாப்பிட்டு மயங்கி விழுவதைத் திருச்சபை கேட்கவில்லை.

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடாமல் இருப்பது வேறு விதி. இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தளர்வு 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையால் வந்தது. அதற்கு முன் நடைமுறையில் இருந்த 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, தவக்காலத்தின் வார நாட்கள் அனைத்திலும் ஒருசந்தி கேட்டது, 21 வயதிலிருந்து. "எங்கள் தாத்தா காலத்தில் நாற்பது நாளும் ஒருசந்தி" என்று பெரியவர்கள் சொல்வது மிகையல்ல, அன்றைய சட்டம்.

மீன் ஏன் விலக்கல்ல என்பது அடிக்கடி எழும் கேள்வி. சட்டம் விலக்குவது நிலத்து விலங்கு, பறவை ஆகியவற்றின் தசையை. ஆடு, கோழி கூடாது. மீன், இறால் கூடும். இன்றைய விதிப்படி முட்டை, பால், நெய்யும் கூடும். இடைக்கால ஐரோப்பாவில் முட்டையும் பாலும்கூட விலக்கு. வீட்டில் இருந்ததைத் தீர்க்க முந்தின செவ்வாயன்று அப்பம் சுட்டதும், நோன்பு முடிந்ததும் முட்டை கொண்டாட்டப் பொருளானதும் அந்த விலக்கால்தான். கார்னிவல் என்ற சொல்லும் மாமிசத்தை அகற்றுதல் என்ற பொருளுள்ள இடைக்கால லத்தீனிலிருந்து வந்தது. கோவாவில் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நான்கு நாள் அது நடப்பதும் இதனால்தான். தமிழகக் கடற்கரை ஊர்களில் மீனும் வேண்டாம் என்று இருப்பவர்கள் உண்டு. அது அவர்களின் பக்தி, சட்டம் அல்ல.

சில சபைகள் ஏன் அனுசரிப்பதில்லை

பெந்தெகோஸ்தே சபைகள் பொதுவாக லெந்து அனுசரிப்பதில்லை. இதன் வேர் 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் இருக்கிறது. 1522 தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகத்தார் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். அங்கே இருந்தும் சாப்பிடாத உல்ரிச் ஸ்விங்லி, அவர்களை ஆதரித்து மறையுரை ஆற்றினார்: வேதம் விதிக்காத உணவு விலக்கை யார்மீதும் கட்டாயமாக்கக் கூடாது என்பது அவர் வாதம். நோன்பையே அவர் தாக்கவில்லை, கட்டாயத்தைத் தாக்கினார். லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் காலத்தை வைத்துக்கொண்டு கட்டாயத்தைத் தளர்த்தின. சி.எஸ்.ஐ. சபைகளில் லெந்து நாட்கள் சிறப்புக் கூட்டங்களாலும் தியானங்களாலும் நிறைவதும், உணவு பற்றிய முடிவு அவரவர்க்கு விடப்படுவதும் அந்த வழி வந்தவை.

தேதியை நீங்களே கண்டுபிடிக்க

1. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். முழுநிலவு என்பது திருச்சபை அட்டவணையின் முழுநிலவு. பஞ்சாங்கத்துப் பௌர்ணமியோடு சில ஆண்டுகளில் ஒரு நாள் வேறுபடலாம்.

2. அதிலிருந்து 46 நாள் பின்னே போனால் திருநீற்றுப் புதன். 48 நாள் பின்னே போனால் சிரிய மரபின் திங்கள்.

3. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே விழும். ஆகவே திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-க்கு முன் வராது, மார்ச் 10-க்குப் பின் வராது.

2027-இல் ஈஸ்டர் மார்ச் 28. திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. அந்த ஆண்டு மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா, தவக்கால வெள்ளியில் விழுகிறது. வெள்ளியில் பெருவிழா வந்தால் சுத்தபோசனம் கட்டாயமில்லை என்பதும் சட்டம். அன்று சூசையப்பர் கோயில்களில் அசைவ விருந்து வைப்பவர்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. மார்ச் 25-இல் வரும் மங்கள வார்த்தைப் பெருவிழாவோ அந்த ஆண்டு பெரிய வியாழனோடு மோதுவதால், உயிர்ப்பு எண்கிழமை (ஈஸ்டர் தொடங்கி எட்டு நாள்) முடிந்து ஏப்ரல் 5, திங்களுக்கு மாறும்.